பாடகர் இல்லாத அரை மணி நேரம்

தாம்பரம், சேலையூர், பல்லாவரம், மேடவாக்கம், வண்டலூர்ப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டும் பேடும் வாசிக்கும் கலைஞர்களுக்கு,



உங்களில் பெரும்பாலோரின் பெயர் எனக்குத் தெரியாது. சுவரொட்டியில் உங்கள் பெயரைப் போடுவதில்லை. குழுவின் பெயர் இருக்கும், பாடகர்களின் படம் இருக்கும், பலகுரல் கலைஞர் இருப்பார், அடியில் நன்கொடையாளர் வரிசை இருக்கும். ஆடி மாதம் சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் அம்மன் கோயில் வாசலில் போடுகிற மேடையில் நீங்கள் பின்வரிசையில் இருப்பீர்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டல் பாடகருக்குப் போகும். சிறு வயதில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து கச்சேரி பார்த்தபோதே என் கண் போனது உங்கள் கைகளின் மேல்தான். ஒரு சின்னப் பலகையில் குச்சியால் தட்டினால் தபேலா கேட்கிறது, பக்கத்தில் தட்டினால் உடுக்கை கேட்கிறது, அதற்கும் பக்கத்தில் கண்ணாடி உடைகிற சத்தம். அந்த வியப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த திருவிழாவில், பாடகர்கள் தொண்டையை ஆற்றிக்கொள்ளும் நேரத்தில், ஓர் அரை மணி நேரம் மேடையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். பாடகர் வேண்டாம். லேப்டாப்பில் ஓடும் ட்ராக்கும் வேண்டாம். உங்கள் கீபோர்டு, உங்கள் பேட், உங்கள் கை. அந்த இடத்திலேயே, எதிரில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே நீங்கள் கட்டியெழுப்பும் இசை. அது போதும்.

இப்படிக் கேட்கத் தோன்றியது கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டைத் தாண்டிய ஒரு திறந்தவெளித் திடலில். நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். கிறிஸ்தவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்தே நண்பர்கள். ஒருத்தி சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை பார்க்கிறாள், ஒருவன் குரோம்பேட்டையில் மருந்துக் கடை நடத்துகிறான். இன்னொருவன் இரும்புலியூர்ப் பக்கம் ஒரு தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கீபோர்டு வாசிக்கிறவன். அன்று எங்கள் மூவருக்கும் காதில் விழுந்ததையெல்லாம் கண்ணுக்குத் தெரியவைத்தவன் அவன்தான்.

மேடையில் ஒரே ஒருவர். முன்னால் ஒரு நீள மேசை. அதன்மேல் ஒரு தாள இயந்திரம், இரண்டு சிந்தசைசர், ஒரு மிக்சர், அவற்றுக்கு நடுவே சிக்கலும் பின்னலுமாக வயர்கள். மைக் கிடையாது. ‘சென்னை, எப்படி இருக்கீங்க’ என்று கேட்கவும் ஆள் இல்லை. சூரியன் சாய்ந்து, கடல் காற்று திரும்பிய நேரத்தில் ஒற்றை அடி கேட்டது. அடிவயிற்றில் விழுகிற அடி. ஒரே சீராக அது மட்டும் வெகுநேரம் ஓடியது. மருந்துக் கடைக்காரன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இவ்வளவுதானா என்று இருவருக்குமே ஓர் ஐயம். தேவாலயத்து நண்பன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, “அவசரப்படாதீங்க. இப்ப தரை போட்டுக்கிட்டு இருக்காரு,” என்றான்.

தரை போட்டு முடிந்ததும் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் அடிக்கும் அடிக்கும் நடுவில் சலங்கையைப் போல ஒரு சிறு ஒலி. பிறகு கீழ்ஸ்தாயியில் நான்கைந்து சுரங்கள் மட்டும் கொண்ட ஒரு வரி, திரும்பத் திரும்ப. அந்தச் சுரங்களை அவர் மாற்றவே இல்லை. மாற்றியது அவற்றின் நிறத்தை. ஒரு குமிழைத் திருகத் திருக, போர்வைக்குள்ளிருந்து கேட்டதுபோல் இருந்த வரி மெல்ல மெல்லத் திறந்துகொண்டு, கடைசியில் கத்திமுனையாக வந்து நின்றது. “இதுக்குப் பேரு ஃபில்டர். நம்ம கீபோர்டுலயும் இருக்கு, யாரும் தொடறதில்ல,” என்றான் நண்பன். பிறகு சட்டென்று அடியை எடுத்துவிட்டார். காலுக்குக் கீழே இருந்த தரை போய்விட்டது. மேலே ஒரு நீண்ட சுரம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அடி எப்போது திரும்பும் என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது திரும்பி விழுந்த கணத்தில் திடல் முழுக்க ஒரே உடம்பாகக் குதித்தது. கல்யாண வீட்டில்கூட ஆடாத மருந்துக் கடைக்காரன் ஆடினான். எங்களுக்கு இரண்டு கை தூரத்தில் நின்ற பெண் காவலாளி, முகத்தில் ஒன்றும் காட்டாமல், பூட்ஸ் காலால் தரையில் அடி போட்டுக்கொண்டிருந்தார்.

நான் அதிகம் கவனித்தது அந்தக் கலைஞரின் பார்வையை. அவர் இயந்திரங்களைப் பார்த்ததைவிட எங்களைப் பார்த்ததுதான் அதிகம். இடப்பக்கக் கூட்டம் தளர்ந்தால் அவர் கை உடனே எதையோ தொடும். ஒரு வரி சலித்துவிட்டது என்று நாங்கள் உணரும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். எழுதி வைத்ததை ஓட்டுகிற ஆள் இப்படிப் பார்க்கத் தேவையில்லை.

அங்கே நின்றுகொண்டிருந்தபோது எனக்குப் பம்பைக்காரர்தான் நினைவுக்கு வந்தார். எங்கள் தெருவில் கரகம் எடுக்கும் நாளில் சாமி அழைப்பார்களே, அந்த நேரம். பம்பையும் உடுக்கையும் ஒரே சீரான நடையில் தொடங்கும். வாசிக்கிறவரின் கண் சாமியாடப் போகிறவரின் பாதத்தின் மேலேயே இருக்கும். பாதம் லேசாக அசைந்தால் நடை ஒரு பிடி ஏறும். அசைவு நின்றால் நடையும் பொறுத்துக்கொள்ளும். ஏற்றி, நிறுத்தி, காத்திருந்து, மறுபடி ஏற்றி, அருள் வரும்வரை விடமாட்டார். திடலில் இருந்தவர்களுக்கு அருள் வந்தது என்று நான் சொல்லவில்லை. கோயில் வாசலில் நடப்பது வழிபாடு, அதன் மதிப்பு வேறு. ஆனால் கூட்டத்தின் உடம்பைப் படித்து அதற்கு ஏற்ப அடியை மாற்றும் கலை இந்த மண்ணில் வெகுகாலமாக இருக்கிறது. அதே விழாவின் இரவில், அதே வாசலில், பம்பையின் ஒலியை ஒரு பலகையில் ஏற்றி வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே அரை நாள் தூரம்தான்.

‘இது பணக்காரப் பிள்ளைகளின் இசை, வெள்ளைக்காரர் இசை’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஈ.சி.ஆர். சீட்டு விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்த ஒரு சீட்டின் பணத்தைத் தெருவிழா வசூலுக்குக் கொடுத்தால் எங்கள் வீட்டின் பங்கு பல ஆண்டுகளுக்குக் கணக்காகிவிடும். ஆனால் இந்த இசை பிறந்த கதை வேறு. அதைக் கேட்டால் உங்கள் கதைபோலவே இருக்கும்.

1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்.-808 என்ற தாள இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அடுத்து டி.பி.-303 என்றொரு சிறு பெட்டி, பேஸ் கிதார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்குப் பக்கத் துணையாக. இரண்டுமே சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றுபோனவை. 303-இன் ஒலி நிஜமான பேஸ் கிதாரைப்போல் இல்லை என்று வாங்கியவர்கள் கைவிட்டார்கள். அமெரிக்காவின் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் இருந்த கறுப்பின இளைஞர்கள் இப்படிப்பட்ட பழைய பெட்டிகளை மலிவு விலையில் வாங்கினார்கள். அது எதைப்போல ஒலிக்கவில்லையோ அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. அதன் குமிழ்களைத் திருகி, அந்தப் பெட்டியால் மட்டுமே முடிகிற ஒலியை வெளியே கொண்டுவந்தார்கள். 1987-இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு வெளியிட்ட ‘ஆசிட் ட்ராக்ஸ்’ அப்படி வந்ததுதான். முட்டுக்காட்டுத் திடலில் நான் கேட்ட அந்தத் திறந்து மூடும் வரியின் பூர்விகம் அங்கே இருக்கிறது.

அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்னால், 1982-இல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்பவர் அதே இரண்டு பெட்டிகளையும் ரோலண்டின் ஜூபிடர்-8 சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர் யார் தெரியுமா? இந்திப் படங்களின் வாத்தியக் குழுவில் வாசித்தவர். கல்யாணங்களுக்குத் தன் ஆர்கெஸ்ட்ராவோடு போய் வாசித்தவர். பின்வரிசைக்காரர். உங்களைப்போல ஒருவர். தட்டு விற்கவில்லை, மறந்தே போனார்கள். 2010-இல் அது மறுவெளியீடு கண்டபோது உலகம் திகைத்தது. சிகாகோக்காரர்களின் தட்டைவிட முந்தியது, ஆனால் அதன் உடன்பிறப்புபோல ஒலித்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015-இல் மறைந்தார். அவர் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு உணர்ச்சி. ஒன்று பெருமை. இன்னொன்று, அவரைக் கேட்க அவர் ஊருக்கே முப்பது ஆண்டு பிடித்ததே என்ற வருத்தம். நம் பக்கத்தில் இன்னொரு சரண்ஜித் சிங் முப்பது ஆண்டு காத்திருக்கக் கூடாது என்பதுதான் இந்த மடலை எழுத வைத்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்தியாவில் இதற்கும் முந்திய வேர் உண்டு. 1969-இலேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரோடு மின்னிசைக் கூடம் அமைந்தது. கீதா சாராபாய் போன்றவர்கள் அங்கே ஒலிநாடாக்களில் சோதனைகள் செய்தார்கள். அது கல்விக்கூடத்துக் கதை, அதோடு விட்டுவிடுகிறேன். நம் கதை கோடம்பாக்கத்தில் இருக்கிறது.

இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் மற்றவர்களின் ஒலிப்பதிவில் கிதாரும் ஆர்கனும் வாசித்தவர். 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்குக் கணினியைக் கொண்டு இசை செய்தபோது அது ஊருக்கெல்லாம் பேச்சாக இருந்தது. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976-இல் இறந்தபோது அவர் குடும்பம் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்தது. அந்த வீட்டுப் பையன் கீபோர்டு வாசிப்பாளராக மற்றவர்களின் குழுவில் உழைத்து, 1989-இல் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கட்டி, 1992-இல் ‘ரோஜா’வோடு வெளியே வந்தான். ஏ.ஆர். ரஹ்மானின் முதல் அடையாளம் வாடகை கீபோர்டும் கூலிக்கு வாசித்த விரல்களும்தான். தமிழ்நாட்டில் மின்னிசையைத் தொடங்கி வைத்தவர்கள் பின்வரிசையிலிருந்து வந்தவர்கள்.

இதில் மறைக்கக் கூடாத ஒரு வலி இருக்கிறது. சிந்தசைசர் கோடம்பாக்கத்துக்கு வந்ததும் வயலின் வரிசைக்காரர்களுக்கு வேலை குறைந்தது. மெல்லிசை மேடைகளிலும் அதுவே நடந்தது. புல்லாங்குழலுக்கு ஒருவர், தபேலாவுக்கு ஒருவர், டோலக்குக்கு ஒருவர், காங்கோவுக்கு ஒருவர் என்று நிறைந்திருந்த மேடையில், கீபோர்டும் பேடும் பலருடைய இடத்தை எடுத்துக்கொண்டன. உங்களில் மூத்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரின் நாற்காலி காலியானதை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அதே அலை உங்களை நோக்கி வருகிறது. ஒரு லேப்டாப், இரண்டு பாடகர், நான்கு பாக்ஸ் இருந்தால் ட்ராக் போட்டு முழுக் கச்சேரியையும் முடித்துவிடலாம், செலவு பாதி என்று விழாக் குழுக்கள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டன. சினிமாப் பாட்டை அச்சு அசலாகத் திருப்பித் தருவதுதான் உங்கள் வேலை என்றால், அந்த வேலையில் ட்ராக்கை யாராலும் வெல்ல முடியாது. அதுதானே அந்த அசல்.

ட்ராக்குக்கு எதிரில் நிற்பவர் யார் என்று தெரியாது. முன்வரிசையில் ஒரு பாட்டி தாளம் போடத் தொடங்கியதை அது பார்க்காது. சிறுவர் கூட்டம் ஆடிக் களைத்ததை அறியாது. நான் அன்று பார்த்த கலைஞர் செய்ததெல்லாம் கூட்டத்தைப் பார்த்து வாசித்ததுதான். அதைச் செய்ய உங்களுக்கு இருக்கிற பயிற்சி அவருக்குக்கூட இருக்குமா என்று தெரியவில்லை. பாடகர் சரணத்தை மறந்தால் இடையிசையை நீட்டிச் சமாளிப்பவர் நீங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பவர் நீங்கள். வி.ஐ.பி. வரத் தாமதமானால் ஒரே தாளத்தைக் கால் மணி நேரம் சலிக்காமல் ஓட்டுபவர் நீங்கள். அந்தக் கால் மணி நேரங்களில் உங்களையறியாமல் நீங்கள் வாசித்ததைத்தான் முட்டுக்காட்டில் சீட்டு வாங்கிக் கேட்டேன்.

கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். மேசை நிறையப் பெட்டிகள் தேவையில்லை. சென்னைக்குத் தெற்கே ஒரு தொழிற்பூங்காவில் யமஹா 2019 முதல் கீபோர்டு தயாரிக்கிறது. நம் பிள்ளைகள் வாசிக்கும் கருவி நம் பக்கத்துக் கைகளாலேயே பூட்டப்படுகிறது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. உங்களிடம் இருக்கும் பேடில் சாம்பிள் ஏற்ற முடிந்தால், உங்கள் ஊர்ப் பம்பைக்காரரிடம் கேட்டு, அவருக்கு உரிய பணத்தைக் கொடுத்து, அவர் அடியைப் பதிவு செய்து ஏற்றுங்கள். அதைவிட நல்லது, அவரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியபோது கானாவும் பறையும் எலக்ட்ரிக் கிதாரும் ஒன்றாக ஒலித்தன. மக்கள் விலகிப் போகவில்லை, திரண்டு வந்தார்கள். பம்பையும் சிந்தசைசரும் சேர்ந்தால் என்ன வரும் என்று கேட்க எனக்கு அத்தனை ஆசை.

வாசிப்பதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. தேவாலயத்து நண்பன் சொல்லி அனுப்பியதை மட்டும் எழுதுகிறேன். ஆட்டோ ரிதத்தை அணைத்துவிட்டு நடையைப் பேடில் கையாலேயே தொடங்குங்கள் என்கிறான். முதல் ஐந்து நிமிடம் கூட்டம் பேசிக்கொண்டிருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். சுரங்கள் குறைவாக இருக்கட்டும், ஒலியின் நிறத்தை மாற்றுங்கள். பத்தாவது நிமிடத்தில் அடியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யாராவது தலை நிமிர்ந்தால் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

தெருவிழாவை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அன்றிரவு நாங்கள் திரும்பிய வழி கோவளம், கேளம்பாக்கம், அங்கிருந்து மாம்பாக்கம், வண்டலூர், பிறகு ஜி.எஸ்.டி. சாலை. கார் இருந்ததால் வந்தோம். அந்த நேரத்தில் பேருந்தை நம்பி ஒரு பெண் தனியாக அந்தத் திடலுக்கு வந்துபோக முடியாது. மின்சார ரயில் தாம்பரத்துக்கு 1931-லேயே வந்துவிட்டது. பாட்டுத் திடல்களோ ரயில் எட்டாத கடற்கரைச் சாலையில் இருக்கின்றன. 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையே ஸ்தம்பித்தது. சீட்டு வைத்திருந்தவர்கள் உள்ளே நுழைய முடியாமல் குழந்தைகளோடு திரும்பினார்கள். நெரிசலில் பெண்களிடம் அத்துமீறினார்கள் என்ற புகார்கள் வந்தன. தாம்பரம் காவல் ஆணையரகம் விசாரணை நடத்தியது. அதைக் கேள்விப்பட்ட பிறகு எத்தனை வீடுகளில் மகள்களுக்குக் கச்சேரி வாசல் மூடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் தெருக் கச்சேரிக்கு அந்தப் பயம் இல்லை. பாட்டிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு வீடு கூப்பிடு தூரம். இசைக்காக ஆட விரும்பும் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, தன் தெருவில், தன் அத்தையும் சித்தியும் பார்த்துக்கொண்டிருக்க, பாட்டு வரியின் துணைகூட இல்லாமல் தாளத்துக்கு மட்டும் ஆட ஓர் அரை மணி நேரம் கிடைத்தால் அது சின்ன விஷயமா?

சத்தத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். பெரியவர்களும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிற தெரு அது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்தில் அரசு நள்ளிரவுவரை விலக்கு தரலாம் என்றாலும் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மேல் தரமுடியாது. விலக்கை எதிர்பார்க்காமல் ஒன்பதரைக்குள் உங்கள் அரை மணி நேரத்தை முடித்துவிடுங்கள். தெருக்கோடி வரை கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கிகளை அந்த நேரத்துக்கு அணைத்துவிடச் சொல்லுங்கள். கீழ்ஸ்தாயியை அவற்றால் தரவே முடியாது. அடிவயிற்றில் விழ வேண்டிய அடி, குழாயில் தகரம் தட்டுவதுபோல் கேட்கும். வீடுகளுக்குத் தொல்லை, உங்களுக்கும் கெட்ட பெயர். மேடைக்குப் பக்கத்தில் நல்ல பாக்ஸ் இரண்டை, வீடுகளை நோக்காமல் கூட்டத்தை நோக்கி வைத்தால் குறைந்த ஒலியிலேயே உடம்பில் இறங்கும். இசை நிகழ்ச்சிகளில் கால் மணி நேரச் சராசரி நூறு டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்திருக்கிறது. அது பெரிய அரங்குகளுக்கான உச்சவரம்பு. நம் தெருவுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே போதும். பாக்ஸுக்கு முன்னால் போய் நிற்கும் குழந்தைகளைப் பின்னால் அழைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. உங்கள் காதுகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வருடக்கணக்காக மானிட்டர் பாக்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் காதில் ஓயாத இரைச்சல் வருவதை அறிவேன். காதுச் செருகி வைத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம், மருந்துக் கடையில் கிடைக்கின்றன.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் மின்னிசைக்கென்றே ஓர் இரவை ஒதுக்குகிறார்கள். வண்டலூரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளின் விழாக்களுக்கு டி.ஜே.க்களை வெளியூரிலிருந்து பெரும் பணம் கொடுத்து அழைக்கிறார்கள். அவர்கள் வரட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தக் கல்லூரி மாணவர் மன்றங்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அந்த இரவின் முதல் ஒரு மணி நேரத்தை, கல்லூரி வாசலிலிருந்து சில கிலோமீட்டரில் குடியிருக்கும் ஒரு பேட் கலைஞருக்குத் தாருங்கள். சன்மானத்தையும் முறையாகத் தாருங்கள். வாய்ப்புக் கொடுத்ததே சம்பளம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்களில் யாராவது ‘ஜனங்க பாட்டு இல்லாம உட்கார மாட்டாங்கம்மா’ என்று சொல்லப்போவது எனக்குக் கேட்கிறது. எங்கள் தெரு விழாக் குழுத் தலைவரும் அதையேதான் சொன்னார். நாங்கள் நான்கு பேரும் போய்ப் பேசினோம். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்திருக்கிறோம். ஆடி மூன்றாம் வெள்ளி, கூழ் வார்த்த அன்று இரவு, ஒன்பது முதல் ஒன்பதரை வரை மேடை உங்களுக்கு. அந்த அரை மணிக்குத் தனிச் சன்மானம். அதை விழா வசூலில் கை வைக்காமல் நாங்கள் நால்வரும் எங்கள் கையிலிருந்து தருகிறோம். தொகையைச் சொல்ல வேண்டியது நீங்கள், பேரம் பேச மாட்டோம். சுவரொட்டியில் வாசிப்பவரின் பெயரும் படமும் பாடகர் படத்தின் அளவிலேயே வரும். அதையும் தலைவரிடம் ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டோம். மேடையில் உங்கள் மேசை முன்னால் இருக்கும், கைகள் எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில்.

பம்பைக்காரரிடமும் பேசிவிட்டோம். வரச் சம்மதித்தார். வாசிக்கப் போகிறவர் யார், எந்த நடையில் தொடங்குவார், ஒத்திகைக்கு என்றைக்கு வரவேண்டும் என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று சீக்கிரம் தெரிவியுங்கள்.

அன்புடன்,
சேலையூரிலிருந்து, உங்கள் முன்வரிசை ரசிகை